43 வயதுப் பெண்ணின் உடம்பையும் ஆசையையும் படக்கதையில் எப்படி வரைவது?

கோடுகிழிப்பவன் (விவேக் நகர், பெங்களூரு) கேட்கிறார்:

வணக்கம். தமிழில் ஒரு நீளமான படக்கதை வரைந்துகொண்டிருக்கிறேன். நாயகி பொம்மனஹள்ளியில் கார்மென்ட்ஸ் வேலைக்குப் போகும் பெண். வயது 43. கணவர் இறந்து பல வருஷம் ஆயிற்று, மகள் காலேஜ் போகிறாள். வீட்டில் தமிழ், வேலையிடத்தில் கன்னடம். லைன், டார்கெட், சூப்பர்வைசரின் கத்தல், வாடகை எல்லாம் கதையில் உண்டு, ஆனால் கதையின் நடு அது இல்லை. அதே தெருவில் இருக்கும் ஒரு டெம்போ டிரைவர் மேல் அவளுக்கு ஆசை வருகிறது. அந்த ஆசையை வைத்துக்கொண்டு அவள் என்ன செய்கிறாள் என்பதுதான் கதை.

மூன்று இடங்களில் கை நின்றுவிட்டது. விடியற்காலையில் தண்ணீர் வரும் நேரத்தில் அவள் குளிப்பது ஒன்று. தானே தைத்த புது ஜாக்கெட்டைப் போட்டுக்கொண்டு கண்ணாடி முன்னால் நிற்பது ஒன்று. அப்புறம் அந்த மனிதரோடு ஓர் இரவு.

கரட்டுப் படங்களை இரண்டு நண்பர்களிடம் காட்டினேன். "கதவு சாத்துவதோடு நிறுத்திக்கொள், மிச்சம் வாசகருக்குப் புரியும்" என்றார் ஒருவர். "வரைகிறதே வரைகிறாய், கொஞ்சம் தாராளமாக வரை, அப்போதுதான் நாலு பேர் பகிர்வார்கள்" என்றார் இன்னொருவர். இரண்டுமே எனக்கு ஒப்பவில்லை. கதவைச் சாத்தினால் அவளுடைய ஆசை ஏதோ ஒளித்து வைக்க வேண்டிய தப்பு மாதிரி ஆகிவிடுகிறது. தாராளமாக வரைந்தால் அது அவளுடைய ஆசையாகவே இருக்காது, பார்க்கிறவனுடையதாகிவிடும். ரெஃபரன்ஸுக்கு இணையத்தில் தேடினால் வருகிற உடம்புகளில் இருபது வயதைத் தாண்டிய ஒன்றுகூட இல்லை, எல்லாம் ஒரே வளைவு, ஒரே போஸ்.

மரியாதையாக வரைய வேண்டும் என்று எல்லோரும் சொல்கிறோம். பேனல் பேனலாக, அதாவது கட்டம் கட்டமாகப் பார்த்தால் அதற்கு என்ன அர்த்தம்? வரைகிறவர்கள், நடிக்கிறவர்கள், குறிப்பாகப் பெண்கள், எழுதுங்கள். சட்டச் சிக்கல் ஏதாவது வருமா என்றும் தெரிய வேண்டும்.

கரித்துண்டு எழுதுகிறார்:

நான் ஓவியம் சொல்லிக்கொடுக்கிறவள், மாடலை நேரில் பார்த்து வரையும் லைஃப் டிராயிங் வகுப்பும் எடுக்கிறேன். கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் ஒன்று. இந்தப் பேச்சு வந்தாலே யாராவது ஒருவர் "நம் கோயில்களில் இல்லாததா" என்று ஆரம்பிப்பார். அந்த வாதத்தை நம்பி இறங்காதீர்கள். பேலூர் போயிருப்பீர்கள். 1117இல் எழுந்த கோயில், தூண்களுக்கு மேலே கூரைச் சரிவுக்கு அடியில் சாய்ந்து நிற்கும் மதனிகைகள் என்ற பெண் சிலைகள். எல்லாருக்கும் ஒரே வயது, ஒரே இடுப்பு, ஒரே மார்பு. செதுக்கியவர்கள் ஆண்கள், செதுக்கச் சொன்னவன் அரசன். சிற்பிகள் தங்கள் பெயரைக் கல்லிலேயே பொறித்துவிட்டுப் போயிருக்கிறார்கள். மாடலாக நின்ற பெண் யாராவது இருந்திருந்தால் அவள் பெயர் நமக்குத் தெரியாது. ஆகவே கோயிலில் இருக்கிறது என்பதாலேயே ஒரு படம் மரியாதையான படமாகிவிடாது.

ஆனால் அதே மதனிகைகளிடம் நீங்கள் எடுத்துக்கொள்ள வேண்டியது ஒன்று உண்டு, அதற்காகத்தான் பேலூரை இழுத்தேன். ஒருத்தி கண்ணாடி பார்க்கிறாள். ஒருத்தி கிளியோடு பேசுகிறாள். ஒருத்தி மத்தளம் வாசிக்கிறாள், ஒருத்தி வேட்டைக்குக் கிளம்பிவிட்டாள், ஒருத்தியின் துணியைக் குரங்கு இழுக்க அவள் அதை விரட்டுகிறாள். கீழே நின்று அண்ணாந்து பார்க்கும் நம்மை அவர்கள் கண்டுகொள்வதே இல்லை. அவரவர் காரியத்தில் அவரவர். உங்கள் நாயகி குளிக்கும்போதும் அப்படித்தான் இருக்க வேண்டும். தண்ணீர் நிற்பதற்குள் குடம் நிரப்ப வேண்டும், மகளை எழுப்ப வேண்டும், வேன் வந்துவிடும். அந்த அவசரத்தில் குளிக்கிற உடம்பு எப்படி மடங்கும், எப்படி நிமிரும் என்று யோசித்து வரையுங்கள். ஈரத் தலைமுடியைப் பின்னால் வீசிப் போடும் அந்தச் சினிமா அசைவை எந்தப் பெண்ணும் ஒரு வாளித் தண்ணீரில் குளிக்கும்போது செய்வதில்லை.

இரண்டாவது, வயது. அம்ரிதா ஷேர்கில் பாரிஸில் இருந்தபோது, 1933இல், தொழில்முறை மாடல் ஒருத்தியை வரைந்தார். இளமை போன, களைத்த உடம்பு. அழகுபடுத்தவும் இல்லை, பரிதாபப்படவும் இல்லை. வரைந்தவருக்கு அப்போது வயது இருபதுதான். 43 வயதில் வயிற்றில் பிரசவக் கோடுகள் இருக்கும், மார்பு தளர்ந்திருக்கும், நாள் முழுக்க மெஷினில் குனிந்ததால் ஒரு தோள் இறங்கியிருக்கும், கணுக்கால் வீங்கியிருக்கும். இதையெல்லாம் வரையுங்கள். ஆனால் இவற்றை 'பாருங்கள் எவ்வளவு கஷ்டப்பட்டிருக்கிறாள்' என்று காட்டும் அடையாளங்களாக ஆக்காதீர்கள். கண்ணாடி முன் அவள் நிற்கும்போது அவளுக்குத் தன்னைப் பிடித்திருக்கிறது. அந்தப் பேனலில் பிரசவக் கோடும் இருக்கட்டும், அவள் முகத்தில் அந்தச் சந்தோஷமும் இருக்கட்டும்.

1989இல் நியூயார்க்கின் கெரில்லா கேர்ள்ஸ் என்ற பெண் கலைஞர்கள் குழு ஒரு போஸ்டர் போட்டது. மெட்ரோபாலிடன் மியூசியத்தின் நவீன கலைப் பிரிவில் பெண் ஓவியர்கள் 5 சதவீதத்துக்கும் குறைவு, நிர்வாண ஓவியங்களில் இருப்பவர்களில் 85 சதவீதம் பெண்கள் என்று. வரைகிற கை யாருடையது, வரையப்படுகிற உடம்பு யாருடையது என்ற கணக்கு அது. நீங்கள் ஆண் என்று நினைக்கிறேன். அதனால் வரையக் கூடாது என்று சொல்ல மாட்டேன். ஆனால் புஷ்பமாலாவின் புகைப்படங்களைத் தேடிப் பாருங்கள், நம்ம ஊர்க்காரர்தான். 2000க்கும் 2004க்கும் இடையில் புகைப்படக்காரர் கிளேர் ஆர்னியோடு சேர்ந்து ரவிவர்மாவின் பெண்கள், சினிமா நாயகி, வெள்ளைக்காரன் அளவெடுப்பதற்காகப் படம் பிடித்த பழங்குடிப் பெண் என்று வரிசையாகத் தானே வேஷம் கட்டி நின்றார். அவற்றைப் பார்த்தால் ஒரு பெண்ணை நிற்க வைக்கும் விதத்திலேயே எத்தனை உத்தரவுகள் ஒளிந்திருக்கின்றன என்று தெரியும். உங்கள் ரெஃபரன்ஸ் படங்களைத் தூக்கிப் போட்டுவிடத் தோன்றும்.

ஸ்டோரிபோர்டுக்காரன் எழுதுகிறார்:

விளம்பரப் படங்களுக்கு ஸ்டோரிபோர்டு போட்டு, அதாவது எடுக்கும் முன் ஷாட் ஷாட்டாக வரைந்து கொடுத்துப் பிழைக்கிறவன் நான், ஆகவே தொழில் சமாச்சாரம் மட்டும் சொல்கிறேன். ஒரு பெண்ணைப் பொருளாக்குவதற்கு ஆடையைக் குறைக்க வேண்டிய அவசியமே இல்லை, வெட்டினாலே போதும். தலையை ஃபிரேமுக்கு வெளியே விட்டுவிட்டு இடுப்பிலிருந்து ஆரம்பி, பாதத்திலிருந்து மெதுவாக மேலே வா, கடைசியில் முகம். பட்டுப்புடவை விளம்பரத்தில்கூட இதே கதைதான், பெண் கழுத்து வரை மூடியிருப்பாள், கேமரா அவளைத் துண்டு துண்டாக வாங்கிக்கொண்டு போகும். குத்துப்பாட்டில் நடப்பதும் இதுதான், கொஞ்சம் சத்தமாக நடக்கிறது, அவ்வளவு வித்தியாசம்.

படக்கதையில் நீங்கள்தான் கேமரா. நான் செய்து பார்க்கும் சோதனை ஒன்று உண்டு. பேனலில் அவள் முகத்தை விரலால் மறைத்துப் பாருங்கள். அப்போதும் அந்தப் பேனல் அதே வேலையைச் செய்கிறது என்றால் அவள் அங்கே தேவைப்படவில்லை, உடம்பு மட்டும்தான் தேவைப்பட்டிருக்கிறது. அதை மறுபடி போடுங்கள். இன்னொன்று உயரம். அவள் கண் மட்டத்தில் நின்று வரையுங்கள். கதவிடுக்கு, ஜன்னல் கம்பி, சாவித் துவாரம், இப்படி ஒளிந்து பார்க்கும் கோணம் எதையும் குளியல் காட்சியில் வைக்காதீர்கள். அப்படி வைத்தால் வாசகரை நீங்களே கூட்டிக்கொண்டு போய் எட்டிப் பார்க்க விடுகிறீர்கள்.

இரவுக் காட்சியில் அந்த டிரைவர் என்ன ஆனார்? நம் படங்களில் இப்படிப்பட்ட இடத்தில் ஆண் சட்டையோடு இருப்பான், பெண் மட்டும்தான் தெரிவாள். ஆசைப்படுவது அவள் என்றால் அவள் பார்ப்பதை வரையுங்கள். அவருடைய பனியன், நரைத்த மார்பு முடி, ஸ்டியரிங் பிடித்துக் காய்த்த கை.

அல்சூர் பெரியவர் எழுதுகிறார்:

தம்பி, எல்லாரும் எப்படி வரைவது என்று சொல்கிறீர்கள். ஏன் வரைய வேண்டும் என்று கேட்கவும் ஓர் ஆள் வேண்டும். எனக்கு இரண்டு பெண் பிள்ளைகள், இரண்டு பேரும் வேலைக்குப் போகிறார்கள். இன்று ஒரு பெண்ணின் போட்டோவை எடுத்து ஐந்து நிமிஷத்தில் துணியில்லாமல் ஆக்கிப் பரப்பிவிடுகிறான். பஸ்ஸில் பக்கத்தில் நிற்கிறவன் போனில் என்ன பார்க்கிறான் என்று தெரிகிறது. இந்தக் காலத்தில் இன்னொரு பெண் உடம்பையும் வரைந்து போட்டு என்ன சாதிக்கப் போகிறோம்? நீங்கள் நல்ல மனசோடு வரைவீர்கள், சரி. பார்க்கிறவனும் அதே மனசோடு பார்ப்பான் என்று யார் உத்தரவாதம் தருவது?

என் பாட்டியின் ஊர் அகஸ்தீஸ்வரம் பக்கம். மார்பை மூட மேல்சீலை போட்டதற்காக அங்கே நாடார் பெண்களைத் தெருவில் வைத்துத் துணியைக் கிழித்தார்கள். வருஷக்கணக்காகப் போராடி 1859இல்தான் திருவிதாங்கூர் அரசு உரிமை கொடுத்தது. எங்கள் வீட்டுப் பெண்களுக்கு மூடிக்கொள்வதே ரத்தம் சிந்தி வாங்கிய மரியாதை. திறந்து காட்டுவதுதான் விடுதலை என்று பேசுகிறவர்களைப் பார்த்தால் எனக்கு வலிக்கிறது. கோபமாகச் சொல்லவில்லை, நிஜமாகவே கேட்கிறேன்.

பீனியா அக்கா எழுதுகிறார்:

ஐயா, உங்கள் கேள்வி நியாயமான கேள்வி. அந்தப் பெண்களை மூடாதே என்று சொன்னதும் ஊர்ப் பெரிய மனுஷர்கள், எங்களைப் போன்றவர்களை இப்போது மூடு மூடு என்று சொல்வதும் ஊர்ப் பெரிய மனுஷர்கள். எங்கள் உடம்பைப் பற்றி எங்களைக் கேட்டு ஒருவரும் முடிவெடுத்ததில்லை. போட்டோவைத் திருடித் துணியில்லாமல் ஆக்குகிறவன் அந்தப் பெண்ணைக் கேட்கவில்லை, அதுதான் அங்கே குற்றம். அதற்காக ஒரு பெண்ணுக்கு ஆசை உண்டு என்று கதையில்கூடச் சொல்லக் கூடாது என்றால், கடைசியில் எங்கள் உடம்பைப் பற்றிப் பேச அந்தத் திருடன் மட்டும்தான் மிச்சம் இருப்பான்.

நான் பல வருஷம் லைனில் வேலை செய்தவள், இப்போது சங்க வேலை. கார்மென்ட்ஸ் பெண்கள் என்றால் வந்து படம் எடுக்காத ஆள் இல்லை. எல்லாப் படத்திலும் நாங்கள் அழுவோம், அல்லது ஊர்வலம் போவோம். 2016 ஏப்ரலில் பி.எஃப். பணத்தை எடுக்க விடாமல் விதி மாற்றினார்கள் என்று ஆயிரக்கணக்கில் ஓசூர் ரோட்டில் இறங்கினோமே, அரசாங்கமே விதியைத் திரும்ப வாங்கிக்கொண்டதே, அந்தப் படங்களில்கூட வாயைத் திறந்து கத்துகிற முகமும் போலீஸ் தடியும்தான். அன்றைக்கு அந்த ரோட்டில் எத்தனை பேர் சிரித்தோம், ஒருத்தி தோளில் ஒருத்தி சாய்ந்து உட்கார்ந்து எதையெல்லாம் பேசினோம் என்பது எதிலும் இல்லை. லன்ச் நேரத்தில் நாங்கள் புருஷனைப் பற்றி, ஆசையைப் பற்றி, யாருக்கு யாரைப் பிடிக்கும் என்பதைப் பற்றிப் பேசுகிற பேச்சைக் கேட்டால் நீங்கள் அசந்துவிடுவீர்கள். ஆகவே தம்பி, அந்த இரவை வரையுங்கள். கதவைச் சாத்தாதீர்கள்.

ஆனால் சில விஷயம் சொல்கிறேன், தயவுசெய்து கேளுங்கள். சூப்பர்வைசர் தொந்தரவு கொடுக்கும் காட்சி வைப்பீர்கள் என்று தெரியும், வைக்கத்தான் வேண்டும், நடக்கிறதே. அதை இரவுக் காட்சியை வரைகிற அதே கையால், அதே அழகோடு வரையாதீர்கள். அந்தப் பேனலில் அவன் கையையும் முகத்தையும் காட்டுங்கள், அவள் உடம்பைக் காட்டாதீர்கள். கூட இருக்கும் மற்றப் பெண்கள் தலையைக் குனிந்துகொள்வதைக் காட்டுங்கள், அதுதான் அங்கே நடக்கிற உண்மை.

அப்புறம் அவளைச் சாகடிக்காதீர்கள். தாலி இல்லாத பெண் ஒருவனைத் தொட்டால் கடைசி ரீலில் விஷம் குடிக்கிறாள், இல்லை மகள் காலில் விழுந்து அழுகிறாள். அவள் ஆசைப்பட்டாள், அந்த மனிதர் ஒத்துவரலாம், வராமலும் போகலாம், மறுநாள் அவள் வேலைக்குப் போகிறாள். தண்டனை வேண்டாம். ஒரு சேலை விலகுவதைவிட இதுதான் எங்களுக்குப் பெரிய மரியாதை.

கோர்ட் வராந்தா எழுதுகிறார்:

சட்டம் கேட்டீர்கள், சுருக்கமாகச் சொல்கிறேன். ஆபாசம் பற்றிய பழைய இ.பி.கோ. 292 இப்போது பாரதிய நியாய சன்ஹிதாவில் 294. கலை, இலக்கியம், அறிவியலுக்கான விதிவிலக்கு அதில் அப்படியே இருக்கிறது. பெண்களை இழிவாகச் சித்திரிப்பதைத் தடுக்கும் 1986 சட்டத்திலும் கலைக்கு விலக்கு உண்டு. 2014இல் அவீக் சர்க்கார் வழக்கில் உச்ச நீதிமன்றம் பழைய ஆங்கிலேய அளவுகோலைக் கைவிட்டது. எளிதில் கெட்டுப்போகக் கூடியவன் கையில் கிடைத்தால் என்ன ஆகும் என்று பார்த்த அளவுகோல் அது. இப்போது படைப்பை முழுசாக வைத்து, இன்றைய சமூகத்தின் சராசரி மனிதர் எப்படிப் பார்ப்பார் என்று கேட்க வேண்டும். 2024இல் சுங்கத் துறை பிடித்து வைத்திருந்த சூசா, அக்பர் பதம்சி ஓவியங்களை விடுவிக்கச் சொன்ன பம்பாய் உயர் நீதிமன்றமும் நிர்வாணம் எல்லாம் ஆபாசம் ஆகாது என்றது. அந்தப் பதம்சி மேலேயே 1954இல் பம்பாயில் ஒரு காதல் ஜோடி ஓவியத்துக்காக வழக்குப் போட்டு, அதில் அவர் ஜெயித்தார். இணையத்தில் போடுவதானால் அங்கே ஆபாசத்தைத் தண்டிக்கும் ஐ.டி. சட்டம் 67ஐக் கவனியுங்கள், அந்த இரவுப் பக்கத்தை மட்டும் தனியாகப் பிய்த்து விளம்பரத்துக்குப் போடாதீர்கள். முழுக் கதையோடு இருந்தால்தான் உங்கள் வாதம் நிற்கும்.

பெரியவர் கேட்டதற்கும் ஒரு வார்த்தை. 18ஆம் நூற்றாண்டில் தஞ்சை அரண்மனையில் இருந்த முத்துப்பழனி என்ற பெண் கவி, ராதையின் ஆசையைப் பற்றித் தெலுங்கில் ஒரு காவியம் எழுதினார். அதை 1910இல் முழுசாகப் பதிப்பித்தவர் பெங்களூர் நாகரத்தினம்மா, திருவையாறில் தியாகராஜருக்குச் சமாதிக் கோயில் கட்டிய அதே அம்மையார். ஒரு பெண் எழுதக் கூடிய விஷயமா இது என்று பண்டிதர்கள் கொதித்தார்கள். ஆண்கள் இதைவிட அதிகமாக எழுதியபோது எங்கே போனது இந்தக் கூச்சம் என்று நாகரத்தினம்மா திருப்பிக் கேட்டார். ஆங்கிலேய அரசு புத்தகத்தைத் தடை செய்தது, 1947இல்தான் தடை நீங்கியது. உடம்பைப் பற்றி எழுதியதைவிட, எழுதியவள் ஒரு பெண் என்பதுதான் அவர்களைச் சுட்டது.

மேடைக்குப் பின்னால் எழுதுகிறார்:

நாடகத்தில் இருக்கிறேன், சில சமயம் ஓவியர்களுக்கு மாடலாகவும் நின்றிருக்கிறேன். படத்தில் மரியாதை இருந்தால் மட்டும் போதாது, படம் உருவாகும் அறையிலும் இருக்க வேண்டும், இதை யாரும் சொல்லவில்லை. வெளிநாட்டில் 2018 வாக்கில் ஆரம்பித்து இப்போது நம் நாட்டுப் படப்பிடிப்புகளிலும் நெருக்கமான காட்சிகளுக்கென்றே ஒருங்கிணைப்பாளர் வைக்கிறார்கள். எங்கே தொடலாம், எங்கே கூடாது, யார் அறையில் இருக்கலாம் என்பது முன்கூட்டியே பேசி எழுதப்படுகிறது, சண்டைக் காட்சிக்கு மாஸ்டர் இருப்பதைப் போல.

நீங்கள் மாடல் வைத்து வரைவதானால் அதே ஒழுங்கு வேண்டும். எவ்வளவு நேரம், எவ்வளவு பணம், எந்தப் பக்கத்துக்கு, எல்லாம் எழுத்தில். நடுவில் வேண்டாம் என்றால் காரணம் கேட்காமல் நிறுத்த வேண்டும், பேசிய பணத்தையும் முழுசாகக் கொடுக்க வேண்டும். போனில் போட்டோ எடுக்கவே கூடாது. முகத்தை மாற்றி வரையுங்கள், அந்தத் தெருவில் யாரும் அடையாளம் காணக் கூடாது. இணையத்திலிருந்து எவளோ ஒருத்தியின் படத்தை எடுத்து அதன் மேல் கோடு போடுவதை விட்டுவிடுங்கள், அவள் அதற்குச் சம்மதிக்கவில்லை.

கோடுகிழிப்பவன் எழுதுகிறார்:

எல்லோருக்கும் நன்றி. ஸ்டோரிபோர்டு நண்பர் சொன்ன விரல் சோதனையை நேற்று ராத்திரி எல்லாப் பக்கத்திலும் செய்து பார்த்தேன். குளியலில் இரண்டு பேனல் போகிறது, அதற்குப் பதிலாகக் குடமும் அவள் முகமும் கையும் வருகின்றன. இரவில் இனி அவள் பார்ப்பதைத்தான் வரையப் போகிறேன், டிரைவர் ஐயாவின் கையை ஏற்கனவே வரைந்துவிட்டேன். சூப்பர்வைசர் பக்கத்தை முழுசாக மாற்றுகிறேன்.

பெரியவரே, நீங்கள் கேட்டதற்கு என்னிடம் முழுப் பதில் இல்லை. பார்க்கிறவன் மனசுக்கு நான் உத்தரவாதம் தர முடியாது, ஒளிந்து பார்க்க அவனுக்கு இடம் கொடுக்காமல் வரைய முடியும், அவ்வளவுதான்.

பீனியா அக்கா, அச்சுக்குப் போகும் முன் உங்கள் ஆட்கள் நாலைந்து பேர் பார்த்துச் சொன்னால் நன்றாக இருக்கும். கேட்கலாமா?

அல்சூர் பெரியவர் எழுதுகிறார்:

அந்த அம்மா எழுதியதை என் பெரிய மகளிடம் படித்துக் காட்டினேன். அவள் அந்த அம்மா பக்கம். எனக்கு இன்னும் மனசு ஒப்பவில்லை தம்பி, ஆனால் அச்சானதும் ஒரு பிரதி எனக்கும் வேண்டும், வாங்கிப் படித்துவிட்டுப் பேசுகிறேன்.

பீனியா அக்கா எழுதுகிறார்:

தாராளமாகக் கேளுங்கள். ஞாயிற்றுக்கிழமைதான் எங்களுக்கு முடியும், அதுவும் துணி துவைத்து முடித்து மத்தியானத்துக்கு மேல். பஸ்ஸுக்குப் பணம் வேண்டாம், பெண்களுக்கு இலவச பஸ் தரும் சக்தி திட்டத்தில் வந்துவிடுவோம், ஆனால் உட்காருகிற நேரத்துக்கு அரைநாள் கூலி கொடுங்கள், சும்மா கருத்துக் கேட்டுப் போகிறவர்கள் நிறையப் பேர். போனில் காட்டாதீர்கள், பெரிசாகப் பிரிண்ட் எடுத்து வாருங்கள். எழுத்துக் கூட்டிப் படிக்கிறவர்களும் இருக்கிறார்கள், வசனத்தை நீங்களே சத்தமாகப் படிக்க வேண்டியிருக்கும். இரவுப் பக்கத்தைக் காட்டும்போது நீங்கள் வெளியே போய் டீ குடியுங்கள், நாங்கள் எங்களுக்குள் பேசிவிட்டுக் கூப்பிடுகிறோம். எந்த ஞாயிறு என்று தனிச் செய்தியில் சொல்லுங்கள்.